ஆம்ப் உறுமினால் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள்

மதுரை செல்லூரில் வீட்டு மாடியில் ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் தொழில். செட் வாங்கிப் போனவர்கள் போனில் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விதான். ஒன்று, எந்த பவர் கார்டு போட்டால் சவுண்டு நன்றாக இருக்கும் என்பது. இன்னொன்று, "அண்ணே, பாட்டே போடல, உர்ருனு சத்தம் வருது. எர்த் காலக் கழட்டிவிட்டா நின்னுருது. அப்படியே விட்டுறவா?"

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விடக் கூடாது. ஆம்ப்பின் பெட்டி இரும்பு அல்லது அலுமினியம். உள்ளே டிரான்ஸ்பார்மரின் இன்சுலேஷன் போனாலோ, ஃபேஸ் ஒயர் ஒன்று பிடி விட்டுப் பெட்டியைத் தொட்டாலோ, எர்த் இருந்தால் கரன்ட் அதன் வழியாக ஓடி ஃபியூஸைப் போக்கும், அல்லது டிரிப்பரைத் தட்டிவிடும். எர்த் இல்லையென்றால் அந்தப் பெட்டி 230 வோல்ட்டோடு சும்மா உட்கார்ந்திருக்கும். பெட்டி மட்டுமில்லை. ஆடியோ ஒயரின் மேல்வலை பெட்டியோடு சேர்ந்திருப்பதால் அதில் மாட்டியிருக்கும் டிவிடி பிளேயர், ஹெட்போன், கரோக்கே மைக் எல்லாவற்றிலும் கரன்ட் நிற்கும். மைக்கைப் பிடித்துப் பாடுவது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள்தான். த்ரீ பின்னை டூ பின்னாக மாற்றும் அடாப்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. உறுமலை நிறுத்த வேறு வழி உண்டு, கீழே சொல்கிறேன்.

கார்டு விஷயம் சுருக்கமானது. கம்பத்திலிருந்து மீட்டருக்கும், மீட்டரிலிருந்து ஹால் போர்டுக்கும் வருவது சாதாரண ஒயர். அவ்வளவு தூரம் வந்த கரன்ட்டைக் கடைசி ஒன்றரை மீட்டர் கார்டு மெருகேற்றிவிடாது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கார்டுக்குப் பணம் போடாதீர்கள். சேனலுக்கு 100 வாட் தரும் ஸ்டீரியோ ஆம்ப் முழு வால்யூமில் வைத்தாலும் 2 ஆம்பியரைச் சுற்றித்தான் இழுக்கும். 0.75 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் 6 ஆம்பியர் தாங்கும். நான் பெரிய ஆம்ப்புக்கு 1.5 போடுகிறேன். தடித்த ஒயர் இழுபட்டாலும் சீக்கிரம் பிய்யாது. சவுண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

விலையைவிடப் போலிக்குத்தான் பயப்பட வேண்டும். டவுன் ஹால் ரோடோ மீனாட்சி பஜாரோ, எங்கே வாங்கினாலும் பிளக்கிலும் ஒயரிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிளக்குக்கு ஐஎஸ் 1293, ஒயருக்கு ஐஎஸ் 694. அப்புறம் மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, பிளக்கின் பெரிய பின்னையும் மறுமுனையின் நடு ஓட்டையையும் தொடுங்கள். பீப் வராத கார்டுகள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன: வெளியே மூன்று பின், உள்ளே இரண்டே ஒயர். ஒயரின் நுனியைச் சுரண்டிப் பார்த்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம் வெள்ளையாகத் தெரியும். இரும்பாக இருந்தால் காந்தம் ஒட்டும். எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும். சொருகியபின் பிளக் ஆடினால் அந்த சாக்கெட்டை மாற்றிவிடுங்கள். எல்லா பின்னும் போகும் என்று விற்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் இந்த ஆட்டம் அதிகம்.

இனி சுவர். பணமும் கவனமும் போக வேண்டிய இடம் இதுதான். போர்டில் மூன்று ஓட்டை இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு ஒயர் மட்டும் ஓடி, மேல் ஓட்டை வெறுமையாக இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். மல்டிமீட்டரில் ஃபேஸ்-நியூட்ரல் 230 காட்டினால், ஃபேஸ்-எர்த் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 20, 30 என்று ஏறினால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

மீட்டர் மட்டும் போதாது. செத்துப்போன எர்த்தும் டிஜிட்டல் மீட்டரில் 200க்கு மேல் காட்டும், ஏனென்றால் மீட்டர் கரன்ட்டே இழுப்பதில்லை. எலக்ட்ரீசியனிடம் சொல்லி 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலில் எரிவதுபோலவே பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் எர்த் சரியில்லை. எல்இடி பல்பு இதற்கு உதவாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரன்ட் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்ச்) இருந்தால் உடனே விழுந்துவிடும். கரன்ட் மண்ணுக்குப் போக ஏதோ வழி இருக்கிறது என்று அதிலிருந்து தெரியும், ஆனால் எர்த் எவ்வளவு நல்லது என்று தெரியாது. ஒரு முக்கியமான எச்சரிக்கை: எர்த் மோசமாக இருந்தால் இந்தச் சோதனை நடக்கும்போது ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் பாடியிலெல்லாம் கரன்ட் ஏறும். பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு, மோட்டார் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டும்.

எர்த் இல்லாத போர்டில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை மேல் ஓட்டைக்கு இழுத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகத் தெரியும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஆம்ப் பெட்டி முழுக்க ஃபேஸ். செய்து வைத்திருந்தால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள்.

எர்த் குழிக்கு வழக்கமாக இரண்டரை மீட்டர் நீளமுள்ள 40 எம்எம் ஜிஐ குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே புனல் வைப்பார்கள். அந்தப் புனல் தண்ணீர் ஊற்றத்தான். மண் காய்ந்தால் கரன்ட்டை விடாது. மதுரையில் சித்திரைத் திருவிழா நேரத்து வெயிலில் மண் எப்படிக் காயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பங்குனியிலிருந்து ஆடி வரை வாரம் இரண்டு குடம் ஊற்றுங்கள். ஒத்தக்கடை மாதிரி சீக்கிரம் பாறை தட்டும் இடங்களில் ஒரே குழாயை ஆழமாக இறக்க முடியாவிட்டால், தள்ளித் தள்ளி இரண்டு மூன்று போட்டு இணைக்கலாம். ஆனால் ஆம்ப்புக்கென்று தனி எர்த் போட்டு, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விடுவது தவறு. இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே உங்கள் செட்தான் பாலமாக நிற்கும்.

எர்த் சரியானபின் உறுமல் வந்தால் தேடுவது சுலபம். ஆம்ப்புக்கு வரும் ஆடியோ ஒயர்கள் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு ஆம்ப்புக்குள். பெரும்பாலும் சப்ளையில் இருக்கும் ஃபில்டர் கண்டென்சர் வயதாகியிருக்கும், எங்களைப் போன்றவர்களிடம் கொண்டு வாருங்கள். நின்றுவிட்டால் ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டும்போது வருகிறதோ அங்கே எர்த் லூப் இருக்கிறது: இரண்டு கருவிகள் ஆடியோ ஒயர் வழியாக ஒருமுறையும் எர்த் வழியாக இன்னொருமுறையும் இணைந்து ஒரு வளையம் ஆகி, அதில் 50 ஹெர்ட்ஸ் ஓடுகிறது. என் அனுபவத்தில் முதல் சந்தேகம் கேபிள் டிவி ஒயர் மேல்தான். அதன் மேல்வலைக்குத் தெருவில் வேறொரு எர்த் இருக்கும். செட்டாப் பாக்ஸிலிருந்து அதைக் கழற்றியதும் ஹால் அமைதியானால் கேபிளில் ஒரு ஐசொலேட்டர் (சிக்னலை மட்டும் விட்டு எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சின்னக் கருவி) போட்டால் போதும். டிவியில் ஆப்டிகல் அவுட் இருந்தால் அது இன்னும் நல்லது. அந்த ஒயரில் போவது வெளிச்சம்தான், கரன்ட் போக வழியே இல்லை.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் உறுமல் நின்றால், ஆடியோ ஒயரின் நடுவே ஒரு சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் ஆம்ப், டிவி, லேப்டாப் எல்லாவற்றையும் ஒரே போர்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். பாதி வீடுகளில் இதிலேயே வேலை முடிந்துவிடும். பவர் கார்டையும் ஆடியோ ஒயரையும் சேர்த்துக் கட்ட வேண்டாம், குறுக்கே போகத்தான் வேண்டுமென்றால் செங்குத்தாகப் போகட்டும்.

கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சத்தம் வந்தால் அது எர்த் பிரச்சினை இல்லை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் அப்படித்தான் கரகரக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் வாங்கும்வரை அந்த நேரத்தில் ஆம்ப்பை அணைத்து வையுங்கள், டிரான்ஸ்பார்மரும் சூடாகாமல் தப்பிக்கும்.