மணிக்கட்டு வலியும் புது ஹேண்டில்பாரும்

பைக்கில் சென்னையிலிருந்து திருவண்ணாமலை போய்ச் சேர்வதற்குள் மணிக்கட்டுகள் மரத்துவிடும். தாழ்ந்த ஹேண்டில்பார்தான் காரணம். உடம்பின் பாரம் கைகளில் இறங்கியது. புதியதை வாங்கும் முன், இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்து கைகளை இயல்பாக நீட்டினேன். அவை நின்ற இடத்தை நண்பர் அளந்தார்: பழைய பிடியைவிட 5 செ.மீ. உயரம், 3 செ.மீ. பின்னால். அந்த அளவில், என் வண்டியில் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கிளாம்புக்குப் பொருந்தும் 22 மி.மீ. விட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

மாட்டிய பிறகுதான் முக்கியமான சோதனை. எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடப்பக்கம் முழுவதும் திருப்பியதும் அது தானாக உறுமியது! ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டிருந்தது. அப்படியே சாலையில் இறங்கியிருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது. அதை எடுத்துவிட்டு நீளமான கேபிளைப் போட்டேன். பிரேக் ஆயில் போகும் குழாயான பிரேக் ஹோஸ், நல்லவேளை, இரு பக்கமும் தளர்வாகவே இருந்தது. இப்போது திருவண்ணாமலையையும் தாண்டி செங்கம் வரை வலியில்லாமல் போகிறேன்.