வேலூர் என்று மட்டும் எழுதாதீர்கள்

"சாந்தி, வயது 50, வேலூர், மார்பில் கட்டி." நோயாளிகளிடம் கேட்டுப் படிவம் நிரப்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புற்றுநோய்ப் பதிவேட்டுக்கு இப்படி ஒரு படிவம் வந்தால் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிற மாதிரிதான் தெரியும். எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தேறாது.

ஊரைப் பாருங்கள். முன்பு வட ஆற்காடு மாவட்டம், அப்புறம் வேலூர். 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமாகப் பிரிந்தன. ஆம்பூர்க்காரருக்கோ இன்னும் வாயில் வேலூர்தான் வருகிறது. பழைய கார்டிலும் அதுவே இருக்கும். அப்படியே எழுதினால் திருப்பத்தூர் கணக்கில் ஒன்று குறைந்து வேலூரில் ஒன்று ஏறும். இன்னொரு பக்கம், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்து பக்கத்துத் தெரு லாட்ஜில் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள். முகவரி கேட்டால் லாட்ஜைச் சொல்வார்கள். மக்கள்தொகை அடிப்படையிலான பதிவேட்டில், அதாவது ஒரு பகுதியில் குடியிருக்கிறவர்களில் யாருக்கெல்லாம் புற்றுநோய் என்று கணக்கெடுக்கும் பதிவேட்டில், நோய் உறுதியாவதற்கு முன் ஓராண்டாவது இங்கே குடியிருந்தவர்தான் சேர்த்தி. குடியாத்தத்துக்காரர் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாலும் அவர் வேலூர் கணக்குதான். அதனால் "எங்கே தங்கியிருக்கீங்க" என்று கேட்காதீர்கள். "சொந்த ஊர் எது, எத்தனை வருஷமா அங்கே குடியிருக்கீங்க" என்று கேட்டு, கிராமம், தாலுகா, பின்கோடு மூன்றையும் வாங்குங்கள்.

பெயரில் இனிஷியல்கூட இல்லை. கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருக்கும்; ஒரு மருத்துவமனையில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர். ஒரே சாந்தி இரண்டு நோயாளியாகிவிடுவார். இரண்டு பெயரையும் எழுதிவிட்டால் தொல்லை இல்லை.

வயது 50 என்றாலே எனக்குச் சந்தேகம். "அம்பது இருக்கும்" என்பதைத்தான் எழுதியிருப்பார்கள். ஆதாரிலும் பலருக்குப் பிறந்த நாள் ஜனவரி 1! மூத்த பிள்ளையின் வயதையும் கல்யாணமானபோது இருந்த வயதையும் கேட்டால் ஓரளவு பிடிபடும்.

கட்டியெல்லாம் புற்றுநோய் ஆகாது. பயாப்சி (திசுச் சோதனை) ரிப்போர்ட்டில் உள்ள வகை, இடமா வலமா, எதை வைத்து உறுதி செய்தார்கள் என்பது வேண்டும். நோய் உறுதியான தேதியும் வேண்டும்; வேறு ஊரில் ஏற்கெனவே உறுதியாகியிருந்தால் அந்தத் தேதிதான். இங்கே சீட்டுப் போட்ட தேதி அல்ல.

தெரியாததை ஊகித்து நிரப்புவதுதான் எல்லாவற்றிலும் மோசம். காலிக் கட்டம் கண்ணில் படும், திரும்பக் கேட்கலாம். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கட்டத்தில் ஊகித்து எழுதிய "இரண்டாம் நிலை" கண்ணில் படாது. கேட்டும் தெரியவில்லை என்றால் அதற்கென்றே குறியீடு உண்டு, பெரும்பாலும் 9.

அப்புறம், போன் நம்பர் இரண்டு வாங்குங்கள். முதல் நம்பர் பெரும்பாலும் மகனுடையது. நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்க ஆறு மாதம் கழித்து அழைத்தால் அது உபயோகத்தில் இருக்காது. படிவத்தில் மட்டும் சாந்தி "உயிருடன்" என்றே இருப்பார்.