ஊர்ப்பெயர் தாங்கிய டி-ஷர்ட்: வரைவதிலிருந்து விற்பது வரை

சொந்தப் பெயரில் டி-ஷர்ட் பிராண்டு தொடங்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டுவது கைபேசியில் சேமித்து வைத்திருக்கும் படங்களைத்தான். இந்தப் படத்தை அச்சிட்டால் விற்குமா என்று கேட்பார்கள். கிருஷ்ணகிரியில் சிறிய அளவில் டி-ஷர்ட் அச்சிட்டு விற்றுவருகிற நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதை யார், எங்கே, யார் கண்ணில் படும்படி போட்டுக்கொண்டு போவார்? நெஞ்சில் ஏறும் படம், அதைப் போட்டிருப்பவர் தன்னைப் பற்றி நாலு பேருக்குத் தெரிவிக்க விரும்புவதைச் சொல்ல வேண்டும். அணிபவர் யார் என்று முடிவாகாமல் வரையத் தொடங்கினால் படம் அழகாகவே அமையலாம். சட்டை அலமாரியில் தங்கிவிடும்.

எங்கள் பகுதியில் இதற்கு நல்ல சான்று ஊர்ப்பெயர்ச் சட்டை. தருமபுரி என்று எழுதிய சட்டையைத் தருமபுரி பேருந்து நிலையத்தில் நிற்கிறவர் வாங்குவது அரிது; அங்கே எல்லாரும் அந்த ஊர்க்காரர்கள்தான். ஞாயிறு இரவு ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குத் திரும்புகிறவரும், சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறவரும்தான் அதைத் தேடி வாங்குகிறார்கள், ஏனென்றால் அங்கே ஊர் எது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர் அதை அலுவலகத்துக்கும் போட விரும்புவார் என்பதால் வடிவமைப்பு அடக்கமாக இருக்க வேண்டும்: இடது மார்பில் மூன்று அல்லது மூன்றரை அங்குல அகலத்தில் ஒரு சிறு சித்திரம், கருநீலம் அல்லது கறுப்புத் துணி, ஒரே நிற மை. பெரிதாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அதை முதுகுப்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்குள் விற்பது குழுச் சட்டை. கபடி அணி, கோயில் திருவிழா, பள்ளித் தோழர்கள் ஒன்றுகூடல், தை மாதத்தை ஒட்டி ஊர்தோறும் நடக்கும் எருது விடும் விழா ஆகியவற்றுக்கு இருபது, முப்பது சட்டைகளாக மொத்தமாகக் கேட்டு வருவார்கள். இங்கே அடக்கம் எடுபடாது. தூரத்தில் நிற்கும்போதே இன்ன ஊர்க்காரர்கள் என்று தெரிய வேண்டும் என்பதால் முதுகில் ஊர்ப்பெயர் பெரிதாகவும், முன்பக்கம் விழாவின் பெயரும் ஆண்டும் தெளிவாகவும் வர வேண்டும். ஆனால் உங்கள் பிராண்டின் வழக்கமான சட்டையில் ஆண்டை அச்சிடவே கூடாது. டிசம்பரில் மீந்த சரக்கு ஜனவரியில் பழைய சரக்காகிவிடும்.

எதை வரைவது

மாம்பழம் என்றதும் எல்லாரும் வரைவது ஒரே மாம்பழத்தைத்தான்: ஒரு பக்கம் வளைந்த உருவம், மேலே இரண்டு இலை. அதைச் சேலத்துக்காரரும் ஆந்திரக்காரரும் தம்முடையது என்று சொல்லலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பழக்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவது பெங்களூரா என்று நாம் சொல்லும் தோத்தாபுரி. நீண்டு, அடியில் கிளி மூக்குப் போல் கூர்ந்து வளைந்திருக்கும். அந்த மூக்கைச் சரியாக ஒரே கோட்டில் வரைந்தால் போதும், தோப்பு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை அடுத்த நொடியே அடையாளம் கண்டுகொள்வார். மற்றவர்களுக்குப் புரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இது என்ன என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்லும் வாய்ப்பைத்தான் அந்தச் சட்டை அவருக்குத் தருகிறது.

இதே கண்ணோட்டத்தில் பாருங்கள். ஒகேனக்கல் என்றால் அருவியைப் புகைப்படமாக அச்சிடுவதைவிட, மேலிருந்து பார்த்த பரிசலை, மூங்கில் பின்னலோடு ஒரு வட்டமாகவும் குறுக்கே ஒரு துடுப்பாகவும் வரைவது துணியில் நன்றாக நிற்கும். அதியமான் ஔவைக்குத் தந்த நெல்லிக்கனிக்கு, தருமபுரியின் பழைய பெயரான தகடூர் முழுவதையும் வரைய வேண்டியதில்லை. கறுப்புத் துணியில் ஆறு வரியோடு ஒற்றை நெல்லிக்காய் போதும்.

நடுகற்கள் மட்டும் தனிக் கவனம் கேட்பவை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் நேரில் பார்த்து வரையுங்கள். வாளை ஓங்கி நிற்கும் வீரன், உடலில் தைத்த அம்புகள், மேலே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வரிகள் என்று ஒவ்வொரு கல்லும் ஏற்கெனவே ஒரு செவ்வகத்துக்குள் அமைந்த வடிவமைப்புதான். முதுகுப்புற அச்சுக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் எனக்குத் தெரியாது. அதே நேரத்தில் இந்தப் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற தெய்வமாக இன்றும் வழிபடப்படுகின்றன என்பதை மறக்கக்கூடாது. பூசை நடக்கும் கல்லைச் சட்டையில் வைத்தால் சிலர் மனம் நோகும். அப்படி நோகச்செய்து விற்க வேண்டிய தேவை நமக்கில்லை. அருங்காட்சியகக் கல்லை அடிப்படையாகக் கொண்டு, உருவத்தை இடுப்புக்குக் கீழே இறங்காதபடி வைப்பதே முறை. வட்டெழுத்தையோ தமிழி எழுத்தையோ பயன்படுத்தினால் கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு நிறங்களைப் பட்டையாகச் சேர்த்து வைத்தால் அது ஏதோ ஒரு கட்சிக்கொடியையோ சாதிச் சங்கத்தையோ நினைவூட்டிவிடும் வாய்ப்பு அதிகம். நமக்கு அந்த எண்ணமே இல்லாவிட்டாலும் வாங்குகிறவர் தயங்குவார். வரைந்து முடித்ததும் ஊரில் இரண்டு பேரிடம் காட்டி, இது எதை நினைவூட்டுகிறது என்று கேட்டுவிடுவது நல்லது.

தமிழ் எழுத்து

விற்பனையைத் தீர்மானிப்பதில் பாதி இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் தகடூர் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து நாற்பது சட்டைகளை வெளியூர் அச்சகம் ஒன்றில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில், அதாவது சட்டத்தில் கட்டிய வலையின் துளைகள் வழியே மையை இறக்கி, அச்சிட்டு வாங்கினேன். எழுத்து மெல்லியது, அதன் புள்ளி அதைவிடச் சிறியது. கட்டைப் பிரித்தபோது பாதிச் சட்டைகளில் கடைசி எழுத்தின் புள்ளி இல்லை. தகடூர் தகடூர ஆகிவிட்டது. அந்த வலையான ஸ்கிரீனில், ஒளி பட்டால் இறுகும் எமல்ஷன் என்ற பூச்சைப் பூசி ஒளி காட்டும்போது ஒளி ஓரங்களில் கசிந்து மிகச் சிறிய துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் மையாக இருந்தால் வலைக்கண்ணிலேயே காய்ந்தும் போகும். அன்றிலிருந்து புள்ளியின் விட்டம் இரண்டு மில்லிமீட்டருக்கும், எந்தக் கோட்டின் தடிமனும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். ஃபான்ட்டில் உள்ள புள்ளி சிறிதாக இருந்தால் அதை நீக்கிவிட்டுக் கையால் பெரிய புள்ளி வைத்துவிடுகிறேன்.

அடுத்தது கொம்பு. தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை இயக்காத வடிவமைப்பு மென்பொருளில் தென்பெண்ணை என்று அடித்தால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றுவிடும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது தவறென்றே தெரியாது. எழுத்துகள் சரியாக வந்ததை உறுதிசெய்துகொண்டு அவற்றை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிய பிறகுதான் கோப்பை வெளியே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அச்சகத்துக் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாமல் மீண்டும் குழம்பும். வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதல் இடைவெளி தேவை, ஏனெனில் மேல்வரியின் உகரச் சுழி கீழ்வரியின் இகர வளைவில் போய் இடிக்கும்.

கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் காட்டமரன், பாலு தம்பி, கவிவனார், மீரா இனிமை போன்ற எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் இருப்பதால் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். இருந்தாலும் தனித்துத் தெரிய விரும்பினால் கையெழுத்தே சிறந்தது. இன்னும் சுவரில் பெயர் எழுதும் ஓவியர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் நான்கு சொற்களை எழுதி வாங்கி ஸ்கேன் செய்தால் வேறு எந்தக் கடையிலும் இல்லாத எழுத்து உங்களுடையதாகும். அதற்குரிய தொகையைக் கொடுத்து, அந்த எழுத்தின் உரிமையை உங்களுக்குத் தருவதாக எழுத்தில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

வாழ்க்கையை வாழ்கை என்று எழுதிய சட்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அச்சுக்கு முன் தமிழாசிரியர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். தருமபுரி என்பது அரசு எழுதும் முறை, தர்மபுரி என்பது மக்கள் சொல்லும் முறை; எதைத் தேர்ந்தாலும் எல்லாச் சட்டையிலும் அதையே பின்பற்றுங்கள்.

அச்சும் துணியும்

முப்பது சட்டைக்குக் குறைவாக, பல நிறங்களில் வேண்டுமென்றால் டிடிஎஃப் வசதி. படத்தை ஃபிலிமில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி உருக்கி, சூட்டு அழுத்தத்தில் துணியில் ஒட்டுவார்கள். ஒன்றிரண்டு நிறத்தில் ஐம்பதுக்கு மேல் போனால் ஸ்கிரீன் பிரிண்டிங் மலிவாகவும் நீடித்து உழைப்பதாகவும் இருக்கும். டிடிஎஃப் படலம் காற்றை விடாது என்பதால், பத்து அங்குலத்துக்குப் பத்து அங்குலம் முழுவதும் நிரம்பிய படம் சித்திரை வெயிலில் நெஞ்சில் பிளாஸ்டிக் தாளைக் கட்டியதுபோல் இருக்கும். ஒருமுறை போட்டவர் இரண்டாவது சட்டை வாங்கமாட்டார். கோட்டுச் சித்திரமாக, துணியின் நிறமும் படத்தின் ஒரு பகுதியாக இருக்கும்படி இடைவெளி விட்டு வரைவது உடலுக்கும் கண்ணுக்கும் நல்லது.

கோப்பு வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவமாக இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் அச்சிடும் அளவிலேயே 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 12 அங்குல அகலம், 15 அங்குல உயரமுள்ள படத்துக்கு அது 3600-க்கு 4500 பிக்சல். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

துணி நூறு விழுக்காடு பருத்தி, 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), பயோ வாஷ் செய்தது (நொதியால் கழுவிப் பிசிறு நீக்கியது) என்றால் எங்கள் வெயிலுக்குப் பொருந்தும். தோள் இறங்கிய ஓவர்சைஸ் சட்டைக்கு 220 முதல் 240 வரை எடுக்கலாம். திருப்பூரில் வாங்கும்போது சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 28 அங்குல நீளச் சட்டை ஐந்து விழுக்காடு சுருங்கினால் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் போய்விடும். நெஞ்சு அச்சு கழுத்துப் பட்டையிலிருந்து மூன்று அங்குலம் கீழே தொடங்க வேண்டும். அதற்கும் கீழே போனால் படம் வயிற்றில் விழும், தொப்பை உள்ளவர் அதை விரும்பமாட்டார்.

அச்சுக்கு முன்னும் பின்னும்

படத்தை முழு அளவில் தாளில் எடுத்து, வெட்டி, சட்டையில் குண்டூசியால் குத்தி ஒருவரைப் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எஸ் அளவிலும் டபுள் எக்ஸ்எல் அளவிலும் பாருங்கள், ஏனெனில் ஒரே படம் ஒன்றில் நெஞ்சை அடைத்தும் மற்றதில் முத்திரை குத்தியதுபோல் சிறுத்தும் தெரியும். பிறகு அதையே படமெடுத்துக் கைபேசித் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான்.

மாதிரிச் சட்டை ஒன்றை வாங்கி, வீட்டுப் போர்த் தண்ணீரில் சாதாரண சோப்புத்தூள் போட்டு ஐந்து முறை துவைத்து வெயிலில் காய வையுங்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீரைத் தாங்காத மை வேறு எந்தச் சோதனையில் தேறியும் பயனில்லை. ஓரங்கள் பிரிந்தாலோ, இழுத்துப் பார்த்தால் வெடிப்பு விட்டாலோ, சூடு போதவில்லை என்று அச்சகத்திடம் திருப்பிக் கொடுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வழக்கமான பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை முழுவதும் இறுக 160 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும்.

நடிகர் முகம், பட வசனம், கிரிக்கெட் அணிச் சின்னம் ஆகியவற்றைத் தொடாதீர்கள். வேகமாக விற்கும் என்பது உண்மை. ஆனால் அது பிறர் சொத்து, உங்கள் பிராண்டுக்கு அதில் எதுவும் மிஞ்சாது. உங்கள் பெயரை டிரேட்மார்க் பதிவு செய்யும்போது ஆடைகளுக்கு உரியது 25-ஆம் வகுப்பு.

விலையும் எண்ணிக்கையும்

சட்டை 190 ரூபாய், அச்சு 70, லேபிளும் உறையும் 15, கூரியர் 60, திரும்பி வருவதற்கும் விற்காமல் நிற்பதற்கும் 40 என்று வைத்துக்கொண்டால் அடக்கவிலை 375 ஆகிறது. இதை 399-க்கு விற்பவர் தம் உழைப்பை இலவசமாகத் தருகிறார். 499 என்று வைத்தால் 124 ரூபாய் நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.2,500 வரையிலான ஆயத்த ஆடைக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு என்பதால், பதிவு பெற்றவர் விலைக்குள்ளேயே வரியை அடக்கினால் அதில் 24 ரூபாய் போய்விடும். பலர் விட்டுவிடுவது அந்த 40 ரூபாயைத்தான். கடன் சேர்வதும் அதிலிருந்துதான்.

முதல் சுற்றில் ஐந்து வடிவங்களை வடிவத்துக்குப் பத்தாக அச்சிடுவதைவிட, இரண்டு வடிவங்களை முப்பது முப்பதாக எடுங்கள். எஸ், எம், எல், எக்ஸ்எல் என்ற நான்கு அளவுக்கும் 1:2:2:1 என்ற ரேஷியோவில், அதாவது 5, 10, 10, 5 என்று தொடங்கலாம். விற்ற சட்டைகளின் கணக்கைவிட, கேட்டு வந்து அளவு இல்லாமல் திரும்பியவர்களின் கணக்கை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டாவது சுற்றுக்குத் திருப்பூருக்கு ஆர்டர் சொல்லும்போது ரேஷியோவை அந்த நோட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.