பெல்லட் அடுப்பு அணைந்துகொண்டே இருந்தது, கோளாறு மூட்டையில்

ஜெர்மனியில் எங்கள் வீட்டில் பெல்லட் அடுப்புதான், மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை (பெல்லட்) எரிப்பது. போன குளிர்காலத்தில் அது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அணைந்துவிடும், திறந்து பார்த்தால் எரிகிற கிண்ணத்தின் துளைகளை அடைத்துக்கொண்டு கண்ணாடி மாதிரி உருகி இறுகிய சாம்பல் கட்டி. அடுப்பைத்தான் சந்தேகப்பட்டேன், விசிறி, புகைக்குழாய், கதவு என்று ஒரு வாரம் வீண்.

அப்புறம்தான் பெல்லட் மூட்டையைக் கவனித்தேன். மலிவாகக் கிடைத்தது. ஈஎன்பிளஸ் ஏ1 (பெல்லட் தர முத்திரை, அதில் ஏ1 மேல் தரம்) என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள், ஆனால் முத்திரையோடு இருக்க வேண்டிய இரண்டு எழுத்து நாட்டுக் குறியும் மூன்று இலக்க எண்ணும் இல்லை. அந்த எண் இருந்தால்தான் தயாரிப்பாளரோ விற்பனையாளரோ யார் என்று ஈஎன்பிளஸ் பட்டியலில் தேட முடியும். ஏ1 என்றால் சாம்பல் 0.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஈரம் 10 சதவீதத்துக்குள், 1,200 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாம்பல் உருகத் தொடங்கவும் கூடாது. என் கிண்ணத்திலோ கட்டி கட்டியாக!

எண் உள்ள மூட்டை வாங்கினேன். ஊற்றும் முன் தொட்டியைக் காலி செய்து, அடியில் தங்கிய தூளை உறிஞ்சி எடுத்து, கிண்ணத் துளைகளைக் கம்பியால் குத்திவிட்டேன் (எல்லாம் அடுப்பு நன்றாக ஆறிய பிறகு). அன்று இரவு முழுக்க அணையவில்லை.