ராஸ்பெர்ரி பை-ல சர்வோ நடுங்குதா? ஹார்டுவேர் பிடபிள்யூஎம் செட் பண்ணுங்க

ராஸ்பெர்ரி பை-ங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டுல மாட்டின சர்வோவ (சொன்ன கோணத்துல போய் நிக்கிற சின்ன மோட்டார்) சும்மா நில்லுன்னு விட்டாலும் கிர்ர் கிர்ர்னு நடுங்குதா, உடனே மட்டமான சர்வோன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. சர்வோவுக்கு கோணத்தைச் சொல்றது பிடபிள்யூஎம், அதாவது ஆன்-ஆஃப்னு மாறிட்டே இருக்கிற சிக்னல்; ஒவ்வொரு தடவையும் ஆன்ல இருக்கிற நேரம்தான் (பல்ஸ்) கோணம். பைத்தான்ல சாதாரண சாஃப்ட்வேர் பிடபிள்யூஎம் ஓட்டினா லினக்ஸ் நடுவுல வேற வேலைக்குப் போயிட்டு வரும், அதுக்குள்ள பல்ஸ் கொஞ்சம் நீண்டுடும். 1-ல இருந்து 2 மில்லிசெகண்டுக்குள்ளதான் 90 டிகிரியும் அடங்கியிருக்கு, அப்போ 50 மைக்ரோசெகண்ட் தப்பினாலே நாலரை டிகிரி ஆடிடும்.

பை 3, பை 4-ல இதுக்குன்னே ரெண்டு ஹார்டுவேர் சேனல் வெளிய வருது. ஜிபிஐஓ-ங்கிறது சிக்னல் பின்னுக்கு சிப் வச்சிருக்கிற நம்பர். ஜிபிஐஓ 12, 18 ரெண்டும் ஒரே சேனல், 13, 19 இன்னொண்ணு. (பை 5-ல இந்த வேலை வேற சிப்புக்குப் போயிடுச்சு, அதுக்கு இத அப்படியே பண்ணாதீங்க.) ஜிபிஐஓ 18-ன்னா போர்டுல எண்ணிப் பாத்தா 12-வது பின். ஜிபிஐஓ 12-ஓ 32-வது பின். நான் இதுல குழம்பி ஒரு சாயங்காலம் பூரா ஒயர தப்பான இடத்துல சொருகிட்டு கோட்ல தப்பு தேடிட்டு இருந்தேன்.

பூட் ஃபோல்டருக்குள்ள ஃபர்ம்வேர்ல இருக்கிற கான்ஃபிக் ஃபைலைத் திறங்க, பழைய ஓஎஸ்னா நேரா பூட்லயே இருக்கும். கடைசியில "டிடிஓவர்லே=பிடபிள்யூஎம்-2சான்"-ங்கிற வரிய இங்கிலீஷ்ல (dtoverlay=pwm-2chan) அடிச்சு சேவ் பண்ணி ரீபூட் பண்ணுங்க. வேற எதுவும் சொல்லலன்னா அது 18-ஐயும் 19-ஐயும் எடுத்துக்கும். பை 3-ல இயர்போன் ஜாக் சத்தமும் இதே ஹார்டுவேர்லதான் வருது, அதனால ஆடியோ ஆன்னு இருக்கிற வரிய ஆஃப் பண்ணிடுங்க.

ரீபூட் ஆனதும் சிஸ், கிளாஸ், பிடபிள்யூஎம்னு உள்ள போனா பிடபிள்யூஎம்சிப்0 இருக்கும். அதுல எக்ஸ்போர்ட் ஃபைல்ல 0 எழுதுங்க, பிடபிள்யூஎம்0-ன்னு புது ஃபோல்டர் முளைக்கும், அதுதான் உங்க ஜிபிஐஓ 18. எல்லா கணக்கும் நானோசெகண்ட்ல. முதல்ல பீரியட்ல 20000000, அதாவது 20 மில்லிசெகண்ட். அப்புறம் டியூட்டி சைக்கிள்ல 1500000, இது நடு நிலை. கடைசியா எனேபிள்ல 1. இந்த வரிசைய மாத்தி டியூட்டிய முதல்ல எழுதினா "இன்வேலிட் ஆர்கியூமென்ட்"னு திட்டும், ஏன்னா டியூட்டி பீரியட விடப் பெருசா இருக்கக் கூடாது, அப்போ பீரியட் இன்னும் 0-லதானே இருக்கு.

சர்வோவுக்கு கரண்ட் போர்டுல இருந்து எடுக்காதீங்க, தனி 5 வோல்ட் சப்ளை கொடுத்து போர்டோட கிரவுண்டையும் சப்ளையோட கிரவுண்டையும் மட்டும் சேத்துடுங்க. கிரவுண்ட் சேக்கலன்னா நடுக்கம் அப்படியே இருக்கும்.

ரீபூட் பண்ணா கான்ஃபிக்ல சேத்த ஓவர்லே வரி இருக்கும், மத்ததெல்லாம் போயிடும், அதனால ஒரு சின்ன ஸ்கிரிப்ட்ல போட்டு வச்சுக்கோங்க. எக்ஸ்போர்ட் வரிக்கு அப்புறம் அரை செகண்ட் ஸ்லீப் விடுங்க, இல்லன்னா ஃபோல்டருக்கு பர்மிஷன் மாறுறதுக்குள்ள அடுத்த வரி ஓடி "பர்மிஷன் டினைட்"னு நின்னுடும், கையால அடிச்சா மட்டும் ஒழுங்கா வேலை செய்யும்.