காலையில் சைக்கிள், மாலையில் கச்சேரி: மார்கழி வார இறுதியில் தம்பதிகள் செய்யும் தவறுகள்

முட்டுக்காடு பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு சூரியன் மேலே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “வந்தது இவ்வளவு சுலபமா இருக்கே, மகாபலிபுரம் வரைக்கும் போயிடலாமா?” என்று கேட்டார் என் கணவர். அந்த ஒரு கேள்வியில்தான் எங்கள் சனிக்கிழமை கெட்டது.

சென்னை திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு சுமார் 20 கிலோமீட்டர். மேடு பள்ளம் இல்லாத கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈ.சி.ஆர். சுலபமாக இருந்ததற்குக் காரணம் எங்கள் கால்பலம் இல்லை, வடகிழக்குக் காற்று. மார்கழியில் தெற்கே போகும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது. திரும்பும்போதுதான் நெஞ்சில் கை வைக்கும். வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும். கோவளம் போனதும் எங்களுக்குப் புத்தி வந்தது. ஆனாலும் போக ஒன்றே கால் மணி நேரம் ஆன தூரத்துக்குத் திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆனது. அதனால், ‘களைத்ததும் திரும்பலாம்’ என்று கிளம்பாதீர்கள். தெம்பில் மூன்றில் ஒரு பங்கு செலவானதுமே திரும்பிவிடுங்கள். கோடையில் தென்காற்று வீசும்போது இதே கணக்கு தலைகீழாகும்.

ஜோடியாகப் போகிறவர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு: பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே ஓட்டுவது. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சனி, ஞாயிறு காலைகளில் அந்தச் சாலையில் கார்களும் பைக்குகளும் பறக்கிற வேகம் வேறு. ஒருவர் பின் ஒருவராகப் போங்கள், சீட்டுக்குக் கீழே சிவப்பு விளக்கு மினுங்கட்டும். யார் முன்னால் போவது? காற்று பின்னாலிருந்து வீசும்போது மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் போகட்டும், இல்லையென்றால் வேகக்காரர் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடுவார். எதிர்காற்றில் பலசாலி முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ளட்டும். நாங்கள் இரண்டையும் மாற்றிச் செய்தோம்.

பஞ்சரும் ஆனது. கொஞ்சம் விலை கூடிய சைக்கிள்களில் ட்யூபின் வாய் மெல்லிசாக, நுனியில் ஒரு குட்டித் திருகோடு இருக்கும். பிரெஸ்டா வால்வு என்பார்கள். பஞ்சர் கடைக்காரர் ஓட்டையை அழகாக அடைத்துக் கொடுத்தார், ஆனால் கம்ப்ரெசர் குழாய் அந்த வாயில் உட்காரவில்லை. “என்னம்மா இது, ஊசி மாதிரி இருக்கு?” என்றார். விரல் நுனி அளவுப் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருந்திருந்தால் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். இப்போது எங்களிடம் மூன்று இருக்கின்றன.

அடுத்தது, போகிற இடம் எப்போது திறக்கும் என்று பார்க்காமல் போவது. முட்டுக்காட்டு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தின் வாசலில் ஏழு மணிக்கு நின்றுகொண்டு, பத்து மணிக்குத்தான் திறப்பார்கள் என்று தெரிந்துகொள்வதில் எந்தச் சுகமும் இல்லை. அங்கே செவ்வாய் விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெள்ளி. வெள்ளியையும் சேர்த்து மூன்று நாள் திட்டம் போடுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். எழும்பூரில் எல்லாக் கட்டடத்தையும் சுற்ற நினைப்பதும் வீண். காலையில் சைக்கிள் மிதித்த கால் தாங்காது. நேரே வெண்கலச் சிற்பக் கூடத்துக்குப் போய், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். கணவன் மனைவியாகப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியவர் அவர்தான் என்பது என் கட்சி.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஈ.சி.ஆர். வேண்டாம், மயிலாப்பூரே போதும். அங்கேயும் ஒரு தவறு செய்தோம். இருள் பிரியாத நேரத்தில் கபாலீசுவரர் கோயில் மாடவீதியில் பஜனை கோஷ்டி பாடிக்கொண்டு போகும். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் முன்நின்று நடத்திய வழக்கம், இன்றும் தொடர்கிறது. அதன் பின்னால் என் கணவர் மணி அடித்தார். கோஷ்டியில் ஒரு மாமி திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! மாடவீதி வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வாசலுக்கு வாசல் ஈரம் காயாத கோலம் வேறு.

கோயிலை மதியத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள், உச்சிகாலம் முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி மாலை நாலு மணிக்குத்தான். வார இறுதித் திட்டம் உடைகிற இடம் பெரும்பாலும் இந்த மத்தியானம்தான். காலைக்கும் மாலைக்கும் விலாவாரியாகத் திட்டம் போடுகிறோம், நடுவில் உள்ள நாலைந்து மணி நேரத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். அப்புறம் ‘சும்மா இருப்பானேன்’ என்று தி.நகருக்குக் கிளம்புகிறோம். வேண்டாம். குளித்து, கொஞ்சமாகச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுங்கள். எழுந்து மத்தியானக் கச்சேரிக்குப் போங்கள். வளரும் கலைஞர்கள் பாடுவார்கள், பெரும்பாலான சபாக்களில் டிக்கெட் கிடையாது. மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில் இருப்பதால் ஒன்றில் மத்தியானம், இன்னொன்றில் மாலை என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் இல்லை. ஒரு சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்த உடம்புக்கு அரங்கத்து ஏ.சி. ஒத்துக்கொள்ளாது.

நாங்களோ அந்தச் சனிக்கிழமை கோவளத்திலிருந்து வந்த கையோடு சபா கேண்டீனில் வாழையிலைச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, வீட்டுக்கும் போகாமல் மாலைக் கச்சேரிக்கு உட்கார்ந்தோம். கச்சேரியைத் தொடங்கும் வர்ணம் முடிவதற்குள் அவர் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் காபிக்கு எழுந்து போகும், அது தனித் தவறு. மிருதங்கத்தில் விழுந்த முதல் அடிக்குத் திடுக்கிட்டு விழித்தவர், எல்லோரும் எழுவதைப் பார்த்துத் தானும் எழுந்து, “மங்களம் பாடியாச்சா?” என்றார்.