உப்புக்காற்று ஊரில் ஒரு டாமினார்: வீட்டிலேயே செய்யும் பராமரிப்பும் மாற்றங்களும்

தூத்துக்குடியில் வண்டி ஓடித் தேய்வதைவிட நின்ற இடத்தில் துருப்பிடிப்பதுதான் அதிகம். விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவன் நான். உப்பு உலோகத்தை என்ன செய்யும் என்பதைத் தினமும் கையில் பிடித்துப் பார்க்கிறேன். அந்தக் கண்ணோடுதான் என் பஜாஜ் டாமினார் 400-ஐயும் பராமரிக்கிறேன். 373 சிசி ஒற்றை சிலிண்டர், கூலன்ட் உள்ள இன்ஜின், 13 லிட்டர் டேங்க். 2019-க்குப் பிறகு வந்த, தலைகீழ் ஃபோர்க் வைத்த மாடல். நீண்ட பயணத்துக்கு நல்ல வண்டி. ஆனால் கடலோரத்தில் இருப்பவர்கள் அதைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

முதல் செலவு, பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டாக இருக்கட்டும். டாமினாரில் நடு ஸ்டாண்ட் கிடையாது. பின்சக்கரம் தூக்காமல் செயின் வேலையை ஒழுங்காகச் செய்ய முடியாது. சமதளத் தரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சாவியை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, செயின் சுற்றும்போது துணியைப் பிடிக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. விரல் போய்விடும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

செயினைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். செயினின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் கிரீஸை அடைத்து வைத்திருக்கும் சின்ன ரப்பர் வளையங்களை இரண்டுமே கெடுத்துவிடும். பனியன் வேஸ்டால் ஈரம் போகத் துடைத்து, 90 கியர் ஆயிலைக் கீழ்ப்பக்கச் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஓடும்போது ஆயில் வெளிப்பக்கமாகத் தள்ளப்படும், அதனால்தான் உள்ளே விடச் சொல்கிறேன். வண்டி ஓட்டி வந்த இரவில், செயின் சூடாக இருக்கும்போதே இதைச் செய்துவிட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எல்லாருக்கும் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. மழையில் நனைந்தாலும், தனுஷ்கோடி போய் வந்தாலும் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே.

அடுத்தது செயின் தொய்வு. எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு மேனுவலில் இருக்கும் அளவுதான் கணக்கு. ஆனால் ஒரே இடத்தில் அளக்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எங்கே அதிகமாக இறுகுகிறதோ அங்கே அந்த அளவு வருமாறு வையுங்கள். பின்னால் ஆளும் பெட்டியும் ஏறும்போது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் மேலே எழும்பி, செயின் இன்னும் இறுகும். தொய்வு குறைவாக இருந்தால் அந்த இழுப்பு முழுக்க முன் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பேரிங்கில் விழும். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் கால் சுற்று கால் சுற்றாகச் சமமாகத் திருப்புங்கள். நட்டை இறுக்கும் நேரத்தில் செயினுக்கும் பின் ஸ்பிராக்கெட்டுக்கும் நடுவே சுருட்டிய துணியை வைத்துச் சக்கரத்தை லேசாகத் திருப்பினால், ஆக்சில் முன்னால் இழுபட்டு அட்ஜஸ்டரில் உட்கார்ந்துவிடும். துணியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். கடைசி இறுக்கு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால்.

கடற்கரைப் பயணம் முடிந்து வந்தால் நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவ வேண்டும். பிரஷர் பம்பை ரேடியேட்டர் இதழ்களிலும் சக்கர பேரிங்கிலும் நேராக அடிக்காதீர்கள். குழாய்த் தண்ணீரின் வேகமே போதும். துருப்பிடிக்காது என்று நம்பி ஸ்டெயின்லெஸ் போல்ட் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டெயின்லெஸ் அலுமினியத்தில் உட்கார்ந்து உப்பு ஈரமும் சேர்ந்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். இரண்டு வருஷம் கழித்துக் கழற்றும்போது மரையும் சேர்ந்து வந்துவிடும். படகிலும் இதே கதைதான். மரை ஒட்டிப்போகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பேஸ்ட்டை மரையில் தடவாமல் எதையும் மாட்டாதீர்கள். பேஸ்ட் தடவிய மரை சுலபமாக இறுகும், அதனால் ரெஞ்சில் கொஞ்சம் குறைவாகவே முறுக்குங்கள்.

பிரேக்கில் கடலோர வண்டிகளுக்கு வரும் தனி நோய், பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்கள் இறுகிப்போவது. ஒரு பக்கப் பேடு அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தேய்ந்திருந்தால் அதுதான் காரணமென்று முதலில் சந்தேகப்படுங்கள். காலிப்பரைக் கழற்றி, பின்களைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். காலிப்பர் வெளியே இருக்கும்போது லீவரைத் தொடக்கூடாது. பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் அதன் மேல் ஒட்டிய அழுக்கைத் துடைக்க வேண்டும். மாட்டி முடித்ததும் லீவர் கல்லு மாதிரி நிற்கும்வரை அழுத்திவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். பிரேக் ஆயில் டாட் 4. காற்றின் ஈரத்தை அது இழுக்கும், அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் வீட்டில் எடுப்பது கஷ்டம். அந்த வேலையை சர்வீஸ் சென்டருக்கு விட்டுவிடலாம்.

இன்ஜின் ஆயில் வாங்கும்போது ஜாசோ எம்ஏ2 (பைக் கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற தரக்குறி) என்று டப்பாவில் இருக்கிறதா என்று பாருங்கள். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ரேடியேட்டரில் போர் தண்ணீர் கூடவே கூடாது. சூடான இன்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள்.

சரி, மாற்றங்களுக்கு வருவோம். எல்லாரும் முதலில் கேட்பது கூடுதல் விளக்கு. இரண்டு 40 வாட் விளக்கு என்றால் 80 வாட், 12 வோல்ட்டில் ஏழு ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. அந்த மின்சாரத்தை ஹெட்லைட் வயரிலிருந்து திருடக்கூடாது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து தனி வயர் எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ் வையுங்கள். ஃபியூஸ் தள்ளி இருந்தால், அதற்கு முன்னாலிருக்கும் வயர் உரசி வண்டியின் உடம்பில் பட்டாலும் ஃபியூஸ் போகாது, வயர்தான் எரியும். ஃபியூஸிலிருந்து ரிலேயின் (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) 30-ம் நம்பர் பின்னுக்கு, 87-லிருந்து விளக்குக்கு, 85 எர்த்துக்கு, 86-க்குச் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வயர், சுவிட்ச் வழியாக. இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், லக் அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். எங்கள் காற்றில் டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம் தாண்டாது. உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும்.

மாட்டியபின் விளக்குகளை எரியவிட்டு, 3,000 ஆர்பிஎம் பக்கம் வைத்துப் பேட்டரியில் மல்டிமீட்டர் பிடியுங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் சரி. 12.5-க்கு இறங்கினால் விளக்கு பேட்டரியைத் தின்கிறது என்று அர்த்தம், வாட்டைக் குறையுங்கள். வெளிச்சத்தைத் தரையைப் பார்த்து இறக்கி வையுங்கள், எதிரே வருகிறவரும் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஹேண்டிலை உயர்த்தி வைக்கும் ஹேண்டில்பார் ரைசர் போட்டால் முதுகுக்கு நல்லது. போட்டபின் வண்டியை ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. கொல்லிமலையின் எழுபது வளைவுகளில் அது ஆபத்து. பிரேக் ஹோஸும் இழுபடக்கூடாது.

சத்தமான சைலன்சரையும் அதே ரிம்மில் அகலமான டயரையும் நான் யாருக்கும் சொல்வதில்லை. டயர் கிள்ளப்பட்டு அதன் வளைவு மாறிவிடும், வண்டி திரும்புவதும் கெடும். ஆர்சியில் உள்ள விவரம் மாறுகிற அளவு மாற்றம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவும் குறுக்கே வரும். சைடு பேக் என்றால் கனமானதைக் கீழேயும் முன்னாலும் வையுங்கள். சைலன்சருக்கும் சைடு பேக்குக்கும் நடுவே ஸ்டே (பையைத் தள்ளிப் பிடிக்கும் கம்பி) இல்லாமல் தொங்கவிடாதீர்கள்.

புதிதாக மாட்டிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து உடம்புக்கு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். டீக்கடையில் நிற்கும்போது ஒரு பார்வை பார்த்தாலே போல்ட் சுழன்றிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கோடு விலகியிருந்தால் டீயை அப்புறம் குடிக்கலாம், ரெஞ்சை எடுங்கள்.